ஒரு நாளைக்கு எத்தனை வாய்?

மட்டக்களப்புச் சந்தையில் வாங்கும் ஒரு கட்டு வெற்றிலையோடு பாதி இலங்கை கூடவே வருகிறது. வெற்றிலை பெரும்பாலும் குருநாகல் பக்கத்துக் கொடிக்கால்களில் பறித்தது. பாக்கு கேகாலை மலையடிவாரத்தில் விளைந்தது. புகையிலை யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் காய்ந்து சுருண்டது. சுண்ணாம்பு மட்டும்தான் உள்ளூர்ச் சரக்கு. சிப்பியோ முருகைக்கல்லோ சுட்டு நீற்றியது. இந்த நான்கும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் மனிதனின் கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடைப்பட்ட அரை அங்குலச் சந்து.

இரவு வலைக்குப் போகிறவருக்கு அது தூக்கத்தை விரட்டும் துணை. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலில் நாற்று நடுகிறவருக்குப் பசியைத் தள்ளிப்போடும் உபாயம். பல் போன பாட்டிமார் சின்ன உரலில் இடித்துக் குழைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். கல்யாணத்துக்கு அழைக்க வட்டாவில் வெற்றிலை வைக்க வேண்டும். செத்த வீட்டிலும் தட்டம் சுற்றி வரும். 1681இல் அச்சேறிய தன் நூலில் ரொபர்ட் நொக்ஸ் இலங்கை மக்களின் வெற்றிலைப் பழக்கத்தை விவரித்திருக்கிறார்; அன்றைக்கே அது பழசு. சாராயம் குடிக்கிறவரைப் பற்றி ஊர் ஏதாவது சொல்லும். வெற்றிலை போடுகிறவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனாலேயே இது கணக்கில் வராமல் போகிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் நுரையீரலில் வருவதல்ல, வாயில் வருவது. அந்தக் கணக்கின் பெரும்பங்கு இந்தத் தட்டத்தில் இருக்கிறது.

பாக்கின் சூட்சுமம் அரிகோலின் என்ற வேதிப்பொருளில் தொடங்குகிறது. அது நரம்பு முனைகளில் உள்ள ஏற்பிகளில் போய் உட்காருகிறது. எச்சில் ஊறுகிறது, நெற்றி வியர்க்கிறது, ஒரு சுறுசுறுப்பு வருகிறது. புகையிலையின் நிக்கோட்டின் பிடிக்கும் சில ஏற்பிகளை அரிகோலினும் தொடுகிறது. புகையிலையே சேர்க்காதவர்களுக்கும் விடமுடியாத ஏக்கம் வருவது இதனால்தான். கஃபீன், மது, நிக்கோட்டின் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் பேர் நாடும் மனமயக்கப் பொருள் பாக்கு என்று கணக்கிடுகிறார்கள்.

சுண்ணாம்பின் வேலை வேறு. எச்சிலின் காரத்தன்மையை அது சட்டென்று உயர்த்துகிறது. அந்தக் காரச் சூழலில் பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு வினைபுரிந்து சிவக்கின்றன. துப்பும்போது தெரியும் செம்மை அந்த வினையின் அடையாளம். அதே வினையில் நிலையில்லாத ஒட்சிசன் மூலக்கூறுகளும் பிறந்து, கன்னத்தின் உட்தோலிலுள்ள உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகின்றன. வாய் சிவந்தால் வெற்றிலை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பாராட்டுவது வழக்கம். வேதியியல் கண்ணுக்கு அந்தச் சிவப்பு வேறு மாதிரித் தெரியும்.

புற்றுநோய்க்கு முன்னால் இன்னொரு வருத்தம் வரும். அதைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. முதலில் மீன் குழம்பின் உறைப்பு தாங்காது. வழக்கமான மிளகாய்தான், ஆனாலும் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறும். விரலால் தடவினால் தோலுக்கடியில் நார் நாராகத் தட்டுப்படும். சில வருடங்களில் வாய் திறப்பது குறையும். வைத்தியர்கள் இதை வாய் உட்தோல் நாரிறுக்கம் என்பார்கள். அரிகோலின் நாரிழைகளை உருவாக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகிறது. பாக்கில் செம்பு தாராளமாக இருக்கிறது. அந்தச் செம்பு இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. பாக்கின் துவர்ப்பு, பழைய இழைகளை உடல் கரைத்து எடுக்கவிடாமல் தடுக்கிறது. மூன்று பக்கமும் இறுகி, மழையில் நனைந்து காய்ந்த கயிறு மாதிரிக் கன்னம் விறைத்துப்போகிறது.

நல்ல வாய் என்றால் மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைக்க முடியும். இரண்டுதான் போகிறது என்றால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டிய நேரம். இந்த இறுக்கம் பாக்கை நிறுத்தினாலும் பெரும்பாலும் பழையபடி இளகுவதில்லை, ஆனால் மேலும் மோசமாவது மட்டுப்படும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 வருடங்கள் தொடர்ந்து பார்த்ததில் 7.6 சதவீதம் பேருக்கு அது புற்றுநோயாக மாறியது. 1985இல் வெளிவந்த ஆய்வு அது.

வெற்றிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள உறவை எழுதி வைத்தவர்களில் முன்னோடி ஒருவர் தமிழர்களுக்கு மிகப் பக்கத்தில் இருந்தார். அன்றைய தென் திருவிதாங்கூரின் நெய்யூரில் மிஷன் வைத்தியசாலை ஒன்று இருந்தது. இன்று அந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வேலை செய்த ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். திருவிதாங்கூருக்கு யாழ்ப்பாணப் புகையிலை கப்பல் கப்பலாகப் போன பழைய வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் கொஞ்சம் உறைக்கும். பின்னர் 1966இல் ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயமா தெற்காசிய நாடுகளின் தரவுகளை வைத்து ஒரு விஷயத்தைத் தெளிவாக்கினார். ஒரு நாளைக்கு எத்தனை வாய் என்பதைப் பொறுத்து ஆபத்து படிப்படியாக ஏறுகிறது. கன்னத்தில் ஒதுக்கியபடியே தூங்கிவிடுகிறவர்களுக்கு அது பல மடங்காகிறது.

இதில்தான் விஷயம் இருக்கிறது. பழக்கம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதை விட, எவ்வளவு நேரம், எத்தனை தடவை, எந்தப் பக்கம் என்று கேட்பது உபயோகமான கேள்வி. ஒரு வாய் வெற்றிலை கால் மணி நேரம் வாயில் இருக்கிறது என்று வையுங்கள். நாளைக்குப் பத்து வாய் போட்டால் இரண்டரை மணி நேரம் அதே இடம் காரத்தில் ஊறுகிறது. இடது கன்னத்தில் ஒதுக்குகிறவருக்குப் புண் பெரும்பாலும் இடது கன்னத்தில்தான் வரும்.

“நான் போயிலை போடுறதில்ல, வெறும் பாக்கும் வெத்திலையும்தான்” என்ற சமாதானம் எல்லா ஊரிலும் கேட்கும். 1985இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புகையிலை சேர்த்த வெற்றிலையை மட்டும்தான் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று அறிவித்தது. அப்போது அந்தச் சமாதானம் செல்லுபடியானது. 2003இல் அதே முகவரகம் புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டையும், தனிப் பாக்கையும்கூட அதே முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. புகையிலையை விட்டவருக்கு ஆபத்து குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. வெறும் வெற்றிலை இலை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. வட்டாவில் இலை இருக்கலாம், மரியாதை போகாது. வாய்க்குள் போகும் பாக்கைத்தான் யோசிக்க வேண்டும். சடங்கையே ஒழிக்கச் சொல்லும் பிரசாரம் இந்தப் பக்கம் எடுபடாது, எடுபட வேண்டிய அவசியமும் இல்லை.

பழக்கத்தைக் குறைத்தால் பலன் உண்டா என்ற கேள்விக்கும் ஆதாரத்தோடு விடை இருக்கிறது. மும்பையின் பிரகாஷ் குப்தா, ஃபாலி மேத்தா, டென்மார்க்கின் யென்ஸ் பிண்ட்போர்க் ஆகியோர் இந்தியாவின் மூன்று பகுதிகளில் புகையிலைப் பழக்கமுள்ள 36,000 பேரிடம் நேரில் பேசிப் பழக்கத்தை விடவைக்க முயன்றார்கள். 1986இல் முடிவு வெளியானது. நிறுத்தியவர்களிடமும் வெகுவாகக் குறைத்தவர்களிடமும் வாயில் வெள்ளைத் திட்டு தோன்றுவது குறைந்தது. அந்தத் திட்டுத்தான் பல புற்றுகளின் முன்னோடி. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய இன்னொரு பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்றால் சாவது 34 சதவீதம் குறைந்தது. இலங்கை இதை அதற்கு முன்பே செய்து பார்த்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் சமன் வர்ணகுலசூரிய குழுவினர் மலைநாட்டில் 34 அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே வருடத்தில் அவர்கள் 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்துவிட்டார்கள். மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்பது அந்த ஆய்வின் கசப்பான பகுதி.

மட்டக்களப்பில் அந்தக் கசப்பைப் புரிந்துகொள்ள வரைபடத்தைப் பார்த்தால் போதும். ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் வாவி ஊர்களை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாக வகிர்ந்து வைத்திருக்கிறது. பெரிய வைத்தியசாலை கிழக்கே, நகரத்தில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தத் துறையில் ‘பாதை’ என்று ஊர் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது. வாயில் ஒரு வெள்ளைத் திட்டு, வலியில்லை, வேலைக்குப் போக முடிகிறது. அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் கிளம்புவார்? வலி வந்த பிறகு கிளம்பினால் பெரும்பாலும் பிந்திவிடுகிறது.

புகையிலையும் பாக்கும் கலந்த பொதிகளை இலங்கை 2016 செப்டெம்பரில் தடை செய்தது. நல்ல சட்டம். ஆனால் தனித்தனியாக வாங்கி வீட்டில் மடிப்பவரை எந்தச் சட்டமும் தொடாது. அவருக்கு உதவுவது டோர்ச் லைட்டும் கண்ணாடியும்தான். மாதம் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில், வாயைக் கொப்பளித்துவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்குக்கு அடி, உதட்டின் உள்பக்கம், அண்ணம். வெள்ளையோ சிவப்போ திட்டு, ஆறாத புண், தடிப்பு, விரலில் அகப்படும் நார் எதுவானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெற்றிலைக் கறை படிந்த வாயில் இது கண்ணுக்கு எளிதில் அகப்படாது என்பதால் கொப்பளித்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை என்ற அதே கேள்வியைத் தேத்தண்ணிக் கோப்பையிடமும் கேட்கலாம். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, யாராவது வந்தால் இன்னொன்று. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி. நாலு கோப்பைக்கு எட்டுக் கரண்டி, கரண்டிக்கு நாலு கிராம் வைத்தாலும் 32 கிராம். சேர்த்துக்கொள்ளும் சீனியை நாளைக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. தேத்தண்ணியே அதைத் தாண்டிவிடுகிறது. பிஸ்கட்டும் சோடாவும் அதற்கு மேல். 2018–19இல் நடந்த இலங்கை சுகாதார, முதுமை ஆய்வு வயது வந்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. ஊர்ப் பேச்சில் ‘சீனி வருத்தம்’. இன்னும் 30 சதவீதம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். பத்துப் பேரில் ஒருவர் என்று 2008இல் வெளியான ஆய்வு சொன்னதோடு ஒப்பிட்டால், ஆய்வு முறைகளின் வேறுபாட்டைக் கழித்த பிறகும், வேகம் பயங்கரமானது.

வெறும் பிளேன்ரீயோடு ஒரு சின்னத் துண்டு கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கும் பழைய வழக்கம் இந்த இடத்தில் கைகொடுக்கும். கருப்பட்டி ஒன்றும் மருந்தல்ல, அதுவும் சீனிதான். ஆனால் கடித்துக் குடிக்கிறவர் எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்க்கிறார். போத்தல் பானங்களுக்கு அரசு அந்தக் கண்ணை 2016இல் போட்டுக் கொடுத்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு வட்டம், 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. கடையில் குனிந்து பார்க்க ஒரு விநாடி போதும்.

சாப்பிட்டவுடன் படுப்பதா நடப்பதா என்ற கேள்வி இதைவிடச் சுவாரசியமானது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நீரிழிவுள்ள 41 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. விரும்பிய நேரத்தில் ஒரேயடியாக அரை மணி நேரம் நடப்பதை விட, ஒவ்வொரு பெரிய சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பது இரத்தச் சீனியைக் கூடுதலாகக் குறைத்தது. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு வித்தியாசம் 22 சதவீதம். நடை மொத்தம் அதே அரை மணிதான். நேரம் மட்டும் மாறியிருக்கிறது. சுருங்கும் கால் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே இரத்தத்திலுள்ள சீனியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சோறு செரித்துச் சீனி ஏறும் அந்த வேளையிலேயே தசைக்கு வேலை கொடுத்தால் ஏற்றம் மட்டுப்படும். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தில் பின்னேரக் கூட்டம் காற்று வாங்குகிறது. ஆய்வின்படி பார்த்தால் அந்தக் கூட்டம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்திருக்க வேண்டும்!

இதெல்லாம் சின்ன ஆய்வுகள் என்று ஒதுக்குகிறவர்களுக்குச் சென்னையில் அம்பாடி ராமச்சந்திரன் நடத்திய ஆய்வு பதில் சொல்லும். நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரில் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மெற்ஃபோர்மின் மாத்திரை கொடுத்த குழுவுக்கும் ஏறத்தாழ அதே பலன்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. பழக்கத்தை மாற்றினால் மாத்திரை அளவுக்குப் பலன் உண்டு. ஆனால் பழக்கத்தை மாற்றிய பலருக்கும் நோய் வந்தது. இரண்டு செய்தியும் அந்த ஒரே கணக்கில் இருக்கின்றன.

எத்தனை தடவை என்ற கேள்விக்குச் சில நோய்களில் நுளம்பே விடை சொல்லிவிடுகிறது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வாரத்துக்கு ஒருமுறை வளவைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை பெரிய சிரமதானம் செய்வது படம் எடுக்க நல்லது, நுளம்புக்கு அது மூன்று நாலு முறை முட்டையிலிருந்து பறக்கப் போதுமான இடைவெளி. இன்னொரு நுணுக்கமும் உண்டு. முட்டைகள் தண்ணீரில் மிதப்பதில்லை. நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே பூச்சாடித் தட்டையும் தண்ணீர்த் தாங்கியையும் கவிழ்த்தால் போதாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். சிரட்டை, யோகட் கோப்பை, டயர், கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு: வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் இத்தனையையும் வாரா வாரம் பார்க்க முடியாது. மலேரியாவை அரசாங்கத்தின் இரத்தப் பரிசோதனையும் மருந்து தெளிப்பும் துரத்தின. 2012க்குப் பிறகு சில வருடங்கள் உள்ளூர்த் தொற்றே இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் கொடுத்தது. மறு வருடமே நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு டெங்கு வந்தது.

வடகீழ்ப் பருவமழை பொழியும் அதே மாதங்களில்தான் பெரும்போக வயல் வேலையும். எலி, மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீரில் கழியும் கிருமி சேற்றில் கலந்து, காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே போவதே எலிக்காய்ச்சல். 2008இல் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். முழங்கால் சேற்றில் சப்பாத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வது வயலில் இறங்காதவர்களின் அறிவுரை. நடைமுறைக்கு ஒத்து வருவது காயத்தை மூடிக் கட்டுவதும், வேலை முடிந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவுவதும், சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் தரும் டொக்சிசைக்கிளின் மாத்திரையும். 200 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு தடவை, வேலை நடக்கும் காலம் முழுவதும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இதை எடுக்கக் கூடாது. வேலை தொடங்குவதற்கு முன்பே போட ஆரம்பிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போட்டால் இடைப்பட்ட வாரத்தில் காவல் இல்லை.

மாத்திரை போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம். டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஒரே காலத்தில் வந்து, முதல் இரண்டு நாளில் ஒன்றுபோலவே இருக்கும். கெண்டைக்கால் பிடித்து வலித்தால், கண் சிவந்தால், சிறுநீர் குறைந்தால், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அதுவரை கடையில் பரசிட்டமோலுக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது. அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.